குட்டி ஏன் மூன்றாம் வளைவில் நின்றது

1

இந்தக் கதையை நான் எழுதத் தொடங்கியதற்குக் காரணம் வீட்டுப்பாடம். வேறு காரணமும் உண்டு. அதை எழுதும் தைரியம் எந்தப் பத்தியில் வரும் என்று இப்போது தெரியவில்லை.

பூப்பாறையில் வாரம் மூன்று நாள் நடக்கும் பிளஸ் டூ மாலை வகுப்பில் படிக்கிறேன். எல்லோரும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது சங்கையா சாரின் விதி. என்னுடையது இப்படி இருக்கும்: "காலை 6.10. பனி. மூன்றாம் எண் டயரில் காற்று குறைவு. நிரப்பினேன். மதியம் புளிக்குழம்பு."

சார் அதை வகுப்பில் படித்துவிட்டு, "ஆனந்தி நாட்குறிப்பு எழுதலப்பா, பஞ்சாயத்துக்கு அறிக்கை எழுதுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர், "இதுல ஒரே ஒரு நாளை எடுத்துக் கதையாக்கிட்டு வாங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "போடிமெட்டுக்கு மேலே, மேகங்கள் தேயிலைச் செடிகளைத் தழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில்—"

(அன்று மேகம் இல்லை. நாட்குறிப்பில் "வெயில்" என்று இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: "செல்வலட்சுமி அந்த ஒற்றைச் சக்கரத்தின் மேல் ஏறி நின்ற கணத்தில் உலகமே—"

(உலகம் ஒன்றும் ஆகவில்லை. செல்வலட்சுமி அக்கா முதல் வாரம் முழுக்க விழுந்துகொண்டுதான் இருந்தார்.)

மூன்றாம் தொடக்கம்: அழகு வேண்டாம், பொருளை விளக்குவோம். மின்சார ஒற்றைச்சக்கர வண்டி என்பது ஒரே ஒரு தடித்த சக்கரம். இரண்டு பக்கமும் காலை வைக்க மிதிபலகை. கைப்பிடி கிடையாது, இருக்கை கிடையாது. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். தனியாக பிரேக் இல்லை. மோட்டாரே பிடித்து நிறுத்தும். அப்படிப் பிடிக்கும்போது பிறக்கும் மின்சாரம் திரும்ப பேட்டரிக்குள்ளேயே போகும்.

(கடைசி வாக்கியத்தை அடிக்காமல் விடுகிறேன். கதையே அதில்தான் இருக்கிறது.)

3

அமர்நாத் சாரைச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இங்கே ஒரு தோட்டத்தின் தங்கும் விடுதியைக் குத்தகைக்கு எடுத்து, விருந்தாளிகளை ஒற்றைச்சக்கர வண்டியில் தேயிலைக்குள் அழைத்துப் போகிற தொழிலைத் தொடங்கினார். பொதுச்சாலைக்குப் போவதில்லை, தோட்டத்தின் தனிப்பாதை மட்டும்தான். வண்டிகளுக்கு சார்ஜ் போடுவதும் பதிவேடு எழுதுவதும் என் வேலை. முன்னால் போய் வழிகாட்டுபவர்கள் இரண்டு பேர். ஒன்பது வருஷம் கொழுந்து பறித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த செல்வலட்சுமி அக்கா, போடியிலிருந்து வரும் வேல்முருகன் அண்ணன்.

பழைய ஆறு வண்டிகளும் தேய்ந்துவிட்டன. புதிதாக ஆறு வாங்க வேண்டும். பார்ப்பதற்காக இரண்டு மாதிரி வண்டிகளை வரவழைத்திருந்தார் சார். ஒன்று இருபத்தொன்பது கிலோ, அதற்குக் குட்டி என்று பெயர் வைத்தோம். இன்னொன்று நாற்பத்தாறு கிலோ, தடியன். தடியனின் பேட்டரி குட்டியினுடையதைப் போல இரண்டு மடங்கு.

இந்த இடத்தில் கட்டுரை போலக் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளில் எதைக் கேட்டாலும் இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். தூரம் வேண்டுமென்றால் பேட்டரி பெரிதாக வேண்டும், எடை ஏறும். வேகத்துக்கென்று கம்பி சுற்றிய மோட்டார் ஏற்றத்தில் திணறும், ஏற்றத்துக்குச் சுற்றியது வேகத்தில் பின்தங்கும். கல் பாதைக்கு சஸ்பென்ஷன் வைத்தால் முழங்கால் பிழைக்கும், ஆனால் துடைக்க, எண்ணெய் போட, இறுக்க இன்னும் பத்து இடம் சேரும். நம்மை முன்னால் தள்ளுவதும் விழாமல் நிறுத்துவதும் ஒரே மோட்டார் என்பதால், வேகம் கூடக் கூட நிறுத்துவதற்கு மிச்சமிருக்கும் பலம் குறைந்துகொண்டே போகும். கீக் கீக் என்று எச்சரிக்கும். அதையும் கேட்காவிட்டால் மிதிபலகையின் முன்பக்கம் மேலெழும்பி ஆளைப் பின்னால் சாய்க்கும்.

வருங்காலம் எந்தப் பக்கம் போகிறது என்றால், பெரிசின் பக்கம். சார் இரவெல்லாம் படித்துவிட்டு வந்து சொல்வார்: அடுத்த வருஷ வண்டி இன்னும் வேகம், இன்னும் தூரம், ஐம்பது கிலோவைத் தாண்டும். லேசான பேட்டரி ஒருநாள் வரும் என்றும் சொல்வார். எப்போது என்று கேட்டால், "வரும், வரும்" என்பார்.

(குறிப்பு: இந்த வண்டிகளைச் செய்பவர்கள் யாரும் எங்கள் முப்பத்தொன்பது படிகளைப் பார்த்ததில்லை. காட்சிமேட்டுக்கு முன்னால் பாதை முடிந்து படிகள் வரும். விருந்தாளிகள் கையை வீசிக்கொண்டு ஏறுவார்கள். வண்டிகளை வழிகாட்டிதான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போக வேண்டும்.)

தடியன் வந்த அன்றே அக்கா அதைத் தூக்கிப் பார்த்தார். ஒன்பது படி ஏறினார். பத்தாவதில் வைத்துவிட்டார்.

"என்னாக்கா, கொழுந்து மூட்டை தூக்குன ஆளு?" என்றார் வேல்முருகன் அண்ணன்.

"மூட்டைய முதுகுல போடலாம்யா. இத எங்கிட்டு போடுறது, உன் தலையிலயா?"

"என் தலை தாங்கும்க்கா. உள்ள ஒண்ணும் இல்ல, காலியாத்தான் இருக்கு."

"அது ஊருக்கே தெரியுமே."

சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் கீழே இறங்கி வந்ததும் சார்ஜ் ஷெட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏ புள்ள, ஆறும் இந்தத் தடியனா வந்துட்டா நான் திரும்பக் கொழுந்துக்குத்தான் போகணும்" என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

சாரிடமும் சொல்லியிருக்கிறார். சார் நல்லவர். "நேக்கு ரெண்டும் ஒண்ணுதான் செல்வி. இந்த மலை எதைத் தாங்கறதோ அதை வாங்கலாம். செவ்வாக்கிழமை ரெண்டையும் ஓட்டிப் பாத்துடுவோம்" என்றார்.

4

செவ்வாய்க்கிழமை. முதலில் எழுதிய வடிவத்தை அப்படியே தருகிறேன்:

"வழக்கமாக வண்டிகளை ஜீப்பில் ஏற்றிக் கீழ்வாசலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மேலே ஏறுவார்கள். அன்று ஜீப் போடிக்குப் போயிருந்தது. 'இங்கேர்ந்தே எறங்கிடலாம்' என்றார் சார். பதினொரு வளைவு. தடியனில் வேல்முருகன் முன்னால் போனார், குட்டியில் செல்வலட்சுமி பின்னால் போனார். திடீரென்று மழை பெய்தது. மூன்றாம் வளைவில் பாதை வழுக்க, குட்டி கீக் கீக் என்று கத்தியது. மிதிபலகை மேலெழும்பியது. செல்வலட்சுமி இறங்கிவிட்டார். தடியன் ஒரு சத்தமும் இல்லாமல் கீழே போய்ச் சேர்ந்தது."

இதன் பிறகு நடந்ததில் கற்பனை இல்லை. அக்கா குட்டியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தார். சார், "பாவம், பயந்துட்டா. தப்பொண்ணும் இல்லே" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "குட்டியோட பேட்டரிக்கு இந்த எறக்கம் தாங்கலை. நாளைக்கு ஒரு விருந்தாளிக்கு இப்படி ஆச்சுன்னா? தடியனையே சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஆர்டர் உறுதி பண்ணணும்."

கதை இங்கே முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஏழை உழைப்பாளியை எந்திரம் வென்றது, மழை சாட்சி. வகுப்பில் கைதட்டுவார்கள்.

[எனக்கு இதில் ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. செல்வலட்சுமியின் மேல் அல்ல. மழையின் மேல்.]

5

வகுப்பில் படிப்பதற்கு முன்னால் அக்காவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஒருவரைப் பெயரோடு எழுதினால் அவரிடம் கேட்க வேண்டும் இல்லையா? வியாழக்கிழமை மதியம், ஷெட்டில், டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டு அக்கா நோட்டை வாங்கினார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"நான் விழுந்ததையெல்லாம் எழுதியிருக்க."

"அடிச்சிடவாக்கா?"

"இருக்கட்டும். இன்னும் நாலு தரம் விழுந்தேன், கணக்குல விட்டுப் போச்சு." அடுத்த பக்கம் புரட்டினார். "வேல்முருகன் தலை காலின்னு எழுதுனியே, இது நல்லாருக்கு." பிறகு விரல் நின்றது. "ஆனந்தி."

"என்னக்கா?"

"அன்னிக்கு மழை எங்கடி பெஞ்சது?"

நான் சார்ஜர் வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

"துணி காயப்போட்டேன் அன்னிக்கு. மொறுமொறுன்னு காஞ்சது. மழையாம்ல." நோட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "நீ டயர்ல காத்து கொறைஞ்சதக்கூட நேரம் போட்டு எழுதுற ஆளு. உனக்கு எதுக்குடி இல்லாத மழை?"

6

இனி மறைத்துப் பயனில்லை. வாசகர் எப்படியும் கண்டுபிடித்திருப்பார்.

சோதனைக்கு முந்தைய நாள் இரண்டு வண்டிகளையும் சார்ஜில் போட்டேன். எவ்வளவு தூரம் போகிறது என்றுதான் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அதனால் இரண்டையும் நூறு ஆக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். குட்டிக்காக மனசுக்குள் வேண்டிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். குட்டியின் பேட்டரி சின்னது, சீக்கிரம் நிரம்பிவிட்டது. தடியனுடையது பெரியது, நிரம்ப நேரமாகும். இடையில் கரண்ட் போய்விட்டது. காலையில் பதிவேட்டில் எழுதினேன்: குட்டி 100. தடியன் 88.

கிளம்பும்போது சார் கேட்டார்: "ரெண்டும் ஃபுல்தானே ஆனந்தி?"

கொடுத்த ஒரு வேலையைப் பாதியில் விட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும். இல்லை.

"ஆமா சார்" என்றேன்.

அன்று மாலை வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. இறக்கத்தில் மோட்டார் பிடிக்கும்போது பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்குள் போக இடம் வேண்டும். நிரம்பிய பேட்டரியில் இடமில்லை. வண்டி கத்தும், ஆளைப் பின்னால் சாய்க்கும், அதற்கு மேலும் இறங்கினால் நின்றேவிடும். மலையடிவாரத்தில் இருப்பவர்கள் முழுசாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு ஏறலாம். உச்சியில் இருப்பவர்கள் கொஞ்சம் காலியாகத்தான் கிளம்ப வேண்டும். நாங்கள் வழக்கமாகக் கீழ்வாசலிலிருந்தே தொடங்கியதால் எனக்கு இது தேவைப்பட்டதில்லை.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். எழுதியதைவிட மோசமாக, திக்கித் திக்கி.

"எம்புட்டுன்ன? தடியன் எம்புட்டு?"

"எண்பத்தெட்டு."

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இந்தப் பகுதியை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

"என் வண்டி ஸ்கிரீன்ல நூறுன்னு பாத்தேன் புள்ள," என்றார் கடைசியில். "முழுசா இருந்தா எறக்கத்துல கத்தும்னு எனக்குத் தெரியும். பழசுல ஒருக்க கத்தியிருக்கு. ரெண்டும் ஃபுல்லுன்னு நீ சொன்னியா, சரி, கத்துனா அவனுக்கும்தான கத்தும்னு போனேன். எனக்கு மட்டும் கத்துச்சு. அவன் பாட்டுக்குப் போறான்."

"அண்ணன் ஸ்கிரீனைப் பாக்கலியாக்கா?"

"அவன் என்னிக்குப் பாத்தான்?" பிறகு மெதுவாக, "அப்ப நான் பயந்து எறங்கலையா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. எறங்குனதுதான் சரி. புத்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு."

"மூணு நாளா நானே நம்பிட்டேண்டி. வயசாயிருச்சு, பயம் வந்துருச்சுன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடனே என் தலையில் ஒரு குட்டு வைத்தார். வலித்தது. அதை அன்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அக்காவிடம் உறுதி செய்துகொள்ளவில்லை.

"போ. போய் சார்ட்ட சொல்லு."

"அவர் மூஞ்சியப் பாத்தா எனக்கு 'ஆமா சார்'தான்க்கா வரும்."

"அப்ப எழுதுனதக் குடு. மழைய மட்டும் அடிச்சிரு."

(மழையை அடிக்கவில்லை. நான் என்ன செய்யப் பார்த்தேன் என்பது தெரிய வேண்டும்.)

7

முடிவுகள்.

முதல் முடிவு: உண்மை தெரிந்ததும் முதலாளி நெகிழ்ந்து, ஆறு குட்டிகளை வாங்க— (அவர் நெகிழ்வுக்காக வண்டி வாங்குகிறவர் அல்ல. வாங்கவும் கூடாது.)

இரண்டாம் முடிவு: முதலாளி கோபித்து, சார்ஜ் போட்ட பெண்ணை வேலையை விட்டு நீக்க— (நடக்கலாம். நானே எழுதிக்கொள்ள மனம் வரவில்லை.)

மூன்றாம் முடிவு: மறுபடியும் சோதனை நடக்கிறது. இரண்டும் ஒரே அளவு சார்ஜ். குட்டி சத்தமில்லாமல் பதினொரு வளைவையும் இறங்கி— (இதைத்தான் எழுத ஆசை. ஆனால் எனக்குத் தெரியாது. சின்ன பேட்டரிக்குள் இடமும் சின்னதுதான். அதே எண்பத்தெட்டிலும் ஆறாம் வளைவில் குட்டி கத்தலாம். தடியன்தான் உண்மையிலேயே இந்த மலைக்கு ஏற்றதாக இருக்கலாம். அப்படியென்றால் அக்கா அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தோற்கட்டும். என் பொய்யால் வேண்டாம்.)

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விடுவார்கள் என்று சங்கையா சார் சொன்னார். தப்பித்துக்கொள்ளும் வழி என்று நினைத்திருந்தேன். ஆனால் இந்த நோட்டுக்கு இப்போதைக்கு இரண்டே வாசகர்கள். ஒருவர் படித்து முடித்துவிட்டார். இன்னொருவர் நீங்கள், அமர்நாத் சார்.

இவ்வளவு நேரம் உங்களை யாரோ போல எழுதியதற்கு மன்னியுங்கள். நேரில் நிற்பவரிடம் சொல்ல வராதது, கதையில் வருபவரிடம் சொல்ல வந்தது. பதிவேட்டில் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்து இதன் கீழே வைத்திருக்கிறேன். அதில் எதையும் திருத்தவில்லை.

இன்று வெள்ளி. இப்போது காலை 8.40. ஆர்டரை உறுதி செய்ய மத்தியானம் வரை நேரம் இருக்கிறது. ஜீப்பை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு வண்டிகளும் வெளியே நிற்கின்றன. வேல்முருகன் அண்ணன் என்னவென்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், அக்கா அவரை ஸ்கிரீனைப் பார்க்கச் சொல்லி மிரட்டிக்கொண்டிருக்கிறார். அக்கா ஹெல்மெட் மாட்டிவிட்டார்.

நீங்கள் நோட்டை மூடி வைத்துவிட்டு ஆர்டரை அனுப்பலாம். எழுந்து வெளியே வரவும் செய்யலாம். வந்தால், அன்று கேட்ட அதே கேள்வியை இன்னொரு தடவை கேளுங்கள், சார். இந்த முறை எண்ணைச் சொல்கிறேன்.