சோதனை ஒலி

கனாமி எங்கள் கம்பெனியை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஆனால் அவள் பாடிய பழைய பாட்டுகளின் உரிமை எங்களிடம்தான் இருந்தது. பதினைந்து ஹிட் பாட்டுகளைத் திரட்டி, அவள் பாட வந்த இருபத்தைந்தாம் ஆண்டு ஆல்பமாகப் போடுவதென்று மேலிடம் முடிவு செய்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சும்மா இருப்பாளா? "இது என் சம்மதம் இல்லாம வருது. தயவுசெஞ்சு யாரும் வாங்காதீங்க" என்று ரசிகர்களுக்கு எழுதிவிட்டாள்.

என் மேலாளன் இகுதா என்னைவிட இருபது வயது சின்னவன்.

"தோகாஷி சார், இந்தப் பதினஞ்சும் எல்லார்கிட்டயும் ஏற்கெனவே இருக்கு. வெளிவராத பாட்டு ஒண்ணு சேர்த்தா, அவ வேண்டாம்னாலும் வாங்குவாங்க. அவளை வளர்த்து விட்டதே நீங்கதானே? எங்கயாவது பதுக்கி வச்சிருப்பீங்களே!"

விளையாட்டாகத்தான் கேட்டான். இல்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பான். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒண்ணு இருக்கு" என்றேன்.

என் மேஜையின் அடி இழுப்பறையில் இருந்தது அந்த டேப். யாரும் போட்டுக் கேட்டுவிடக் கூடாதென்று 'சோதனை ஒலி' என நானே எழுதி ஒட்டியிருந்தேன். அதைப் பாடியபோது கனாமிக்கு இருபத்தொரு வயது. அப்பாவைத் தகனம் செய்துவிட்டு, கறுப்புத் துக்க உடையைக்கூட மாற்றாமல் நேராக ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஒரே தடவைதான் பாடினாள். இரண்டாம் சரணத்தில் குரல் உடைந்தது. நிறுத்தாமல் பாடி முடித்தாள்.

"இது எங்கப்பாவுக்காக அழுதது. விக்கிறதுக்கு இல்ல. அழிச்சிடுங்க" என்றாள்.

மறுநாள், அழித்தாயிற்று என்று பொய் சொன்னேன். இடுப்பு வளைய வணங்கி எனக்கு நன்றி சொன்னாள்.

நாற்பது வருடத்தில் நான் பதிவு செய்ததில் அதைவிட நல்லது கிடையாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாலு பேர் அதைக் கேட்டு என்னைப் பாராட்டாமல் நான் ஓய்வு பெற வேண்டுமா என்றுதான் நினைத்தேன். அவளுடைய அப்பா என் நினைவுக்கே வரவில்லை. பாட்டு முடிந்த பிறகு ஏழு நொடி ஏதோ பேச்சு இருந்தது. அதை வெட்டிவிட்டு, பதினாறாவது பாட்டாகச் சேர்த்தேன்.

முதல் வாரமே ஆல்பம் முதலிடம். இகுதா என் தோளில் தட்டிவிட்டுப் போனான். அவளுடைய அப்பா அப்போதுதான் என் நினைவுக்கு வந்தார்.

மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு போக முடியுமா? மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கொண்டுபோகும் யோகன் என்ற பயறு இனிப்பில், கனமான பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போய் அவள் வீட்டு மணியை அடித்தேன். முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். அவளோ உள்ளே வரச் சொல்லி, எனக்கு வீட்டுச் செருப்பை எடுத்து வைத்தாள்.

"யோகனா? அதுவும் இவ்வளவு பெரிய பெட்டியா? அப்போ தப்பு பெருசுதான்."

தரையில் நெற்றி பட வணங்கினேன். "அழிக்க மனசு வரலம்மா. அவ்வளவு நல்லா பாடியிருந்தே."

"எழுந்திருங்க சார். நானும் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு." நிதானமாகத் தேநீர் ஊற்றினாள். "பாட்டு முடிஞ்சதும் மைக்குல நான் பேசினேனே, அது எங்க?"

நான் இனிப்புப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன்.

"அழிச்சிடுங்கன்னு சொன்னேன். நீங்க சரிம்மான்னு சொன்னீங்க. ரெண்டும் டேப்புல இருந்திருக்குமே." கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். "அதை மட்டும் அழிச்சிருக்கீங்க."