எண்ணிக்கையில் சேராதவர்

முட்டை வேகவைக்க வாங்கிய குட்டி டைமர் கிணுகிணுவென்று அடித்தது. ராய்ஸ் பேச்சை நிறுத்தினார். "ஆர்வில் எப்பவும் எங்க..." என்பது வரைக்கும்தான் வந்திருந்தது. எங்க பக்கம் என்று சொல்ல வந்தாரா, எங்க மரியாதைக்குரியவர் என்று சொல்ல வந்தாரா, யாருக்கும் தெரியாமலே போயிற்று. டெஸ்மண்ட் டைமரை மறுபடி முறுக்கி வைத்தார். அடுத்த ஐந்து நிமிடம் ஜோசலினுக்கு.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த லெனோருக்குச் சிரிப்பு வந்தது. அது பாதி வழியில் அழுகையாக மாறிவிடுமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்பா ஆர்வில்லின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நேரம் பிரித்துக் கொடுக்க டெஸ்மண்டால்தான் முடியும். பல் டாக்டரின் மாடியில் மூன்று அறையில் இயங்கும் நகர ஆய்வு மையத்தில், அப்பாவிடம் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த மனிதர். அங்கே எந்தக் கூட்டம் நடந்தாலும் ஆதரிப்பவருக்கு ஐந்து நிமிடம், எதிர்ப்பவருக்கு ஐந்து நிமிடம். அப்பா போட்ட சட்டம். டைமரும் அப்பாவுடையதுதான்.

இதுகூடப் பரவாயில்லை. மையத்திலிருந்து எது அச்சுக்குப் போனாலும் முதலில் இரண்டு தரப்புக்கும் பிரதி அனுப்பிக் கருத்துக் கேட்பது வழக்கம். பழக்க தோஷத்தில் டெஸ்மண்ட் இரங்கல் செய்தியையும் அனுப்பிவிட்டார். ஓரமெல்லாம் குறிப்போடு திரும்பி வந்தது. "அனைவராலும் நேசிக்கப்பட்டவர்" என்ற இடத்தில் ராய்ஸ் "ஆதாரம்?" என்று எழுதியிருந்தார். ஜோசலின், "பேருந்துப் பயணிகள்மேல் அக்கறை கொண்டவர்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தாள். அப்பா இருந்திருந்தால் இருவருக்கும் நன்றி சொல்லி, இரண்டையும் அடிக்குறிப்பில் போட்டிருப்பார்.

லெனோர் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஊரின் கிழக்கே சோள வயல்தான். இன்று அங்கே பதினோராயிரம் வீடுகள். பஸ் மட்டும் மணிக்கு ஒன்று, அதுவும் வந்தால் உண்டு. கிழக்குக்குப் புதிய பஸ் தடம் போட விற்பனை வரியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று வரும் செவ்வாய்க்கிழமை ஊர் ஓட்டுப் போடப்போகிறது. கூட்டலாம் என்கிற அணிக்கு ஜோசலின் தலைவி, லெனோர் அவளுக்காக வீடு வீடாகக் கதவு தட்டுகிறவள். கூடாது என்கிற அணிக்கு ராய்ஸ்.

அப்பாவின் அறிக்கை செப்டம்பரில் வந்தது. எண்பத்தெட்டுப் பக்கம். போட்டால் இவ்வளவு செலவு, போடாவிட்டால் இவ்வளவு நெரிசல், ஏறக்கூடியவர்கள் இத்தனை முதல் இத்தனை வரை. முடிவு மட்டும் இல்லை. ராய்ஸ் அதில் பாதியை வெட்டித் துண்டுப் பிரசுரம் போட்டார், ஜோசலின் மீதியைப் போட்டாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அப்பா, விழுந்த இடியையெல்லாம் தேதி போட்டுக் குறித்து வைத்துக்கொள்கிற மத்தளம்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அடுப்பில் வாட்டிய கோழியை அவர் நிதானமாக அறுத்துக்கொண்டிருந்தார்.

"மகளா கேக்குறேன்ப்பா. ஒத்த வார்த்தை. வேணுமா, வேண்டாமா?"

"அறிக்கை படிச்சியா?"

"படிச்சேன். மதில்மேல் பூனைகூட ஒரு நாள் ஏதாவது ஒரு பக்கம் குதிச்சிரும். நீங்க மதிலோட உயரத்தை அளந்துக்கிட்டே உக்காந்திருப்பீங்க."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கிளப்பிவிட்டது.

"கார்ல போய் கார்ல வர்றவருக்கு என்ன தெரியும்? என்னிக்காவது, ஒரு நாள், அந்தக் குளிர்ல பஸ்ஸுக்கு நின்னிருக்கீங்களா?"

அவர் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "இல்ல" என்றார். யோசித்துத்தான் சொன்னார். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. இரண்டு வாரம் கழித்து, இந்தத் திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கிழக்குக் கோடி பஸ் நிறுத்தத்தில் விழுந்துவிட்டாராம். இவள் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அவருக்கு அங்கே என்ன வேலை? வீடு ஊரின் மேற்கே. கார் கொட்டகையில் நிற்கிறது. அறிக்கை அச்சாகி இரண்டு மாதம் ஆகிறது. நான்கு நாளாக இந்தக் கேள்விதான் அவள் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்துக்கு வந்தார்கள். பன்றி இறைச்சி வைத்த பன், சுட்ட உருளைக்கிழங்கு, பெரிய அண்டாவில் காபி. யாரும் சொல்லாமலே ஒரு அணி இடப்பக்க மேசைகளிலும் மறு அணி வலப்பக்கமும் உட்கார்ந்திருந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் லெனோர் தட்டோடு நடுவில் நின்றாள்.

ஜோசலின் வந்து கட்டிக்கொண்டாள். உண்மையாகவே அழுதிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"அவர் அந்த ஸ்டாப்ல செத்தது சும்மா இல்லடி. கடைசியில நம்ம பக்கம் வந்துட்டார். நீ நாலு வரி எழுதிக் குடு, ஞாயித்துக்கிழமை பேப்பர்ல போடுறேன். எங்கப்பா கடைசியா நின்னது இந்த பஸ்ஸுக்காகத்தான்னு. நூலிழையில நிக்குது தேர்தல். அது போதும், ஜெயிச்சிருவோம்."

லெனோருக்கு அது சரியென்றே பட்டது. சரி என்று வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். குள்ளமாக, கோட்டுக்குள் ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர் சீருடையோடு. கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய, தாள்கள் செருகிய ஒரு எழுத்து அட்டை.

"நீங்கதான் மகளாம்மா? எம் பேரு இமெல்டா. ஐயாவை ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்போ இது கீழ கிடந்துச்சு. யார்கிட்டக் குடுக்கன்னு தெரியல."

"அவரைத் தெரியுமா உங்களுக்கு?"

"தினம் வருவாரே. மொத நாள் போலீஸோன்னு பயந்துட்டோம். என்னய்யா எண்றீங்கன்னு கேட்டேன். உங்களைத்தான்னார். நாலு பேரை எண்றதுக்கு பென்சில் எதுக்குன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சார். ஆபீஸ் வேலையான்னேன். இல்லன்னார். மேக்க இருந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன்னு மட்டும் சொன்னார்."

"எத்தனை நாளா?"

"காகிதத்துல இருக்குமே."

எழுதியிருந்த தாள்கள் பதினொன்று. பதினோரு வேலை நாள். லெனோர் விரல் மடக்கிப் பின்னோக்கி எண்ணினாள். முதல் தாள், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள். அவள் விரல்கள் மடங்கியபடியே நின்றன.

பக்கத்தில் வந்து நின்ற டெஸ்மண்ட் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தாள்களைப் புரட்டினார். பேருந்து வந்த நேரம், காத்திருந்தவர் எத்தனை பேர், எல்லாம் அப்பாவின் குட்டிக் குட்டி எழுத்தில். நாலு, நாலு, மூணு, நாலு. கடைசித் தாளில் அவர் விரல் நின்றது.

"இதுல தப்பு இருக்கு. அஞ்சுன்னு போட்டிருக்கார். அன்னிக்கு வேற யாராவது வந்தாங்களாம்மா?"

"இல்லையே," என்றாள் இமெல்டா. "நாங்க நாலு பேர்தான். அவரைச் சேத்தா அஞ்சு."

டெஸ்மண்ட் முகம் வெளுத்துவிட்டது. "எண்றவன் தன்னை எண்ணக் கூடாது. வேலைக்குச் சேர்ற எல்லாருக்கும் மொத நாள் அவர் சொல்றதே இதைத்தான். அவரோட முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்பு விட்டதில்ல. பாவம், அப்பவே நெஞ்சு வலி ஆரம்பிச்சிருக்கும். தலை சுத்தியிருக்கும்." சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்த அஞ்சை அடிக்கப் போனார்.

லெனோர் தாளின்மேல் கையை வைத்தாள். "இருக்கட்டும்."

"பிழைம்மா அது."

"தெரியும். இருக்கட்டும்."

ஜோசலின் எட்டிப் பார்த்துவிட்டாள். "அவரே தன்னைப் பயணியா சேத்துக்கிட்டார்! இதை அப்படியே படம் எடுத்துப் போடலாம்."

காபிக் கோப்பையோடு ராய்ஸும் வந்து சேர்ந்தார். "மொத்தமே நாலு பேர்தானா? இதுக்கா ஊரெல்லாம் வரி கட்டணும்? தாராளமாப் போடுங்க. எங்க கணக்கைத்தான் அது சொல்லுது."

இருவரும் அவள் தலைக்கு மேலே பேசிக்கொண்டே போனார்கள். லெனோர் அந்த அஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலியில் வந்த பிழையா? ஒரு பக்கம் குதித்துவிட்டாரா? இல்லை, அவளுக்குச் சொன்ன பதிலா? பதில் என்றால், போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு இந்த மனிதருக்கு? கோபம் வந்தது. அடுத்த நொடியே, அந்தக் குளிரில் ரெண்டு பஸ் மாறி வந்து நின்ற கிழவனை நினைத்தாள், கோபம் நிற்கவில்லை. கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

அட்டையைப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் எழுதல ஜோசலின்."

"ஏன்?"

"அவர் என்ன நெனச்சார்னு எனக்குத் தெரியல. செவ்வாய் வரைக்கும் கதவு தட்டுறேன். அவர் பேரைச் சொல்லாம."

"பைத்தியமாடி நீ? தோத்துட்டா?"

லெனோர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். ராய்ஸ் ஏதோ சொல்ல வந்து, காபியைக் குடித்தார்.

திங்கட்கிழமை காலை காரை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். இரண்டு பஸ் மாறி அந்த நிறுத்தத்துக்கு வந்தபோது இன்னும் விடியவில்லை. கூரையில்லாத நிறுத்தம். ஒரு கம்பம், ஒரு பெஞ்சு. வயலாக இருந்த காலத்துக் காற்று இன்னும் அங்கேதான் குடியிருந்தது. இமெல்டா அவளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். மற்ற மூன்று பேரும் தலையசைத்தார்கள்.

ஏழு பத்து பஸ் வரவில்லை. ஏழு இருபதுக்கும் வரவில்லை. கால் விரல்கள் மரத்துப்போயின. லெனோர் அட்டையை மடியில் வைத்து, அப்பாவின் கடைசித் தாளுக்கு அடியிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்தாள். எல்லாத் தாளிலும் கோடு போட்டே வைத்திருந்தார். தேதி எழுதினாள். தலைகளை எண்ணினாள். நாலு. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

தூரத்தில் இரண்டு விளக்குகள் திரும்பின. இமெல்டா எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

லெனோர் கையுறையைக் கழற்றி, அஞ்சு என்று எழுதினாள்.