ஒரே வளையத்தில் இரண்டு குவளைகள்

தோசை வார்க்கும்போது வராத மயக்கம் காபி போடும்போது மட்டும் ஏன் வருகிறது என்று நீலாவுக்குப் புரியவில்லை.

தோசைக்கு அரை மணி நேரம் அடுப்பருகே நிற்க வேண்டும். காபிக்கு ஐந்தே நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் தரை மிதக்கத் தொடங்கும். ஜன்னலுக்கு வெளியே காஞ்சன்பாக் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் பாறைகள் மார்கழிப் பனியில் படகுகள் போல நகரும். பால் வாசனை எங்கோ தொலைவிலிருந்து வரும். பின்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் பாறைகள் அசையாமல் நின்றுவிடும்.

எட்டு மாதத்துக்கு முன் அவளுடைய இடது தோளுக்குக் கீழே, இதயத்துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்திருந்தார்கள். மயக்கம் என்றதும் டாக்டர், "பாட்டரியோ வயரோ சரியில்லை போலிருக்கிறது. வியாழக்கிழமை வந்து அட்மிட் ஆகுங்கள், திறந்து பார்த்துவிடலாம்" என்றார். மறுபடியும் கத்தி. இன்று செவ்வாய்.

"காபிய விட்டுடுங்கக்கா" என்றாள் பக்கத்து வீட்டு பியூலா. தொழிற்சாலை டிஸ்பென்சரியில் நர்ஸ்.

"குடிக்கறதுக்கு முன்னாடியே தலை சுத்தறதே பியூலா! வாசனைக்கா மயங்குவா?"

"நான் வாங்கற பொடி அப்படி" என்றார் நீலாவின் கணவர் வரதராஜன்.

"வாய் மட்டும் இருக்கு. இன்னிக்குப் பாலை நீங்க வைங்கோ."

அந்த அடுப்பு தொழிற்சாலையில் அவர் பிரிவில் செய்தது. நெருப்பில்லாத இண்டக்ஷன் அடுப்பு; மேலே கண்ணாடிப் பலகை, அதில் பாத்திரம் வைக்க வரைந்த ஒரு வளையம். மூன்று வீடுகளுக்குப் பரீட்சைக்குக் கொடுத்ததில் இது ஒன்று. வந்து மூன்று வாரம் ஆகிறது. அதைப் பற்றி டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை. அடுப்பைப் பற்றி டாக்டரிடம் சொல்ல யாருக்குத் தோன்றும்?

வரதராஜன் நீலாவின் வழக்கப்படியே செய்தார். கரி அடுப்பில் அவள் அம்மா வைப்பது போல, ஒரே வளையத்தின் மேல் எனாமல் பூசிய இரண்டு சின்ன இரும்புக் குவளைகள். ஒன்றில் பால், ஒன்றில் டிகாக்‌ஷனுக்குத் தண்ணீர். நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குவளைகளுக்கு நடுவிலும் ஓரங்களிலும் வளையம் வெறுமையாகத் தெரிந்தது.

நீலா அதே தொழிற்சாலையில் பதினாறு வருடமாகச் செம்புக் கம்பியைச் சுருட்டிக் காயில் சுற்றுகிறவள். கண்ணாடிக்கு அடியில் இருப்பதும் ஒரு செம்புக் காயில்தான் என்று அவளுக்குத் தெரியும். அதில் மின்சாரம் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் முன்னும் பின்னும் ஓடும்; அதன் காந்தம் மேலே உள்ள இரும்பை உலுக்கும்; இரும்பு தானே சுடும். இரும்பு மூடிய இடத்துக் காந்தத்தில் பெரும்பகுதியை இரும்பே விழுங்கிவிடும். மூடாத இடத்தில்?

ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை எண்பது சுற்று சுற்றிக் கழற்றினாள். பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய சிவப்பு எல்.இ.டி. விளக்கைக் கம்பியின் இரண்டு முனைகளிலும் பற்றவைத்தாள். அடுப்பின் காந்தம் வெளியே கசிந்தால் அது எரியும். அந்தக் கம்பி வளையத்தைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, தான் போய் வாசற்படியில் நின்றுகொண்டாள்.

"கைக்கு அக்கா இந்த வேலையெல்லாம்? எதுக்கு?" என்று ஊர் உருது கலந்து கேட்டாள் பியூலா.

"சும்மா பாரேன்."

முதலில் வளையத்தை முழுக்க மூடும் இரும்புத் தோசைக்கல். கல்லின் விளிம்பருகே கொண்டுபோயும் விளக்கு எரியவில்லை. பிறகு இரண்டு குவளைகள். எல்.இ.டி. குங்குமப் பொட்டு போலப் பளிச்சென்று எரிந்தது. வரதராஜன் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வர, பொட்டு மங்கிக்கொண்டே வந்து, இரண்டடியில் பனிக்குள் போவது போல மறைந்தது.

"என் தோளிலேர்ந்து ஒரு வயர் இதயத்துக்குப் போறதில்லையா?" என்றாள் நீலா. "இதயம் துடிச்சுதான்னு பேஸ்மேக்கர் காது கொடுத்துண்டே இருக்கும். துடிச்சா பேசாம இருக்கும். துடிக்கலேன்னா ஒரு தட்டு தட்டும். இந்தக் காந்தம் அந்த வயரை உலுக்கியிருக்கு. இதயம் துடிச்சுடுத்துன்னு நினைச்சுண்டு அது தட்டாமலே இருந்திருக்கு! அதான் தலை சுத்தல்."

"ஹவ் அக்கா, ஆமா" என்றாள் பியூலா மெதுவாக. "அப்ப டாக்டர்ட்ட சொல்லுங்க. அதுவரைக்கும் அடுப்புப் பக்கமே போக நக்கோ, வேண்டாம்."

புதன்கிழமை கம்பி வளையத்தோடு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் கருவியைச் சோதித்தார். பாட்டரியும் வயரும் சரியாக இருந்தன. எல்.இ.டி.யை விரல்நுனியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அறுவை வேண்டாம் என்றார். வளையத்தை மூடும் பாத்திரம் வைத்து, இரண்டடி தள்ளி நின்று அடுப்பில் சமைக்கலாம், ஆனால் முதல் நாள் பக்கத்தில் யாராவது நாடி பார்க்கட்டும் என்றார்.

வியாழக்கிழமை காலை நீலாவின் மணிக்கட்டில் பியூலாவின் விரல்கள் இருந்தன. அடுப்பில் பால் பொங்கி வந்தது. பாறைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"எழுபது" என்றாள் பியூலா. "கடிகாரம் மாதிரி."

குவளைகள் அலமாரிக்குப் போய்விட்டன. இப்போது ஒரு நேரத்தில் ஒரே பாத்திரம்: அடி தட்டையாக, வளையத்தை முழுவதும் மூடும் அகலத்தில், சரியாக நடுவில். முதலில் பால், அதை இறக்கியபின் தண்ணீர். கிண்டுவதற்கு நீளமான மரக்கரண்டி. அடுப்பு ஓடும்போது நீலா இரண்டடி தள்ளி நிற்கிறாள். சுவர் சுவிட்சை அணைத்த பிறகுதான் கிட்டே போகிறாள்.