முறை தப்பாது

“என்ன குடுத்தே அவளுக்கு?”

வாத்தியார் மூன்றாவது தடவையாகக் கேட்டார். கட்டிலில் சின்னவள் அனலாய்க் கிடந்தாள். காய்ச்சல் ஆறாம் நாள். அவருடைய இயற்கை மருத்துவப் புத்தகத்தின்படி பட்டினியும் ஈரத்துணியும்தான் வைத்தியம். மாத்திரை அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது.

“ஒண்ணும் குடுக்கலைங்க. தண்ணிதான்.”

“பெரியவளுக்கும் முதல்ல இப்படித்தான் சொன்னே.”

மனைவி சின்னவளின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள். பெரியவள் இப்படியொரு காய்ச்சலில் போய் இரண்டு வருடம். பட்டினியின் நாலாம் நாள், பிள்ளை கெஞ்சுகிறதே என்று அரை பிஸ்கட்டைப் பாலில் நனைத்து ஊட்டியிருந்தாள். அதுதான் கொன்றது என்றார் வாத்தியார். முறை தப்பாதாம், மனுஷர்தான் தப்புவார்களாம். அவளும் நம்பினாள். அன்றிலிருந்து அடுப்படியில் தனியே நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்லுகிற சத்தம் கேட்கும். திரும்பினால் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அதனால் இந்தத் தடவை கல்லாக இருந்தாள். சின்னவள் அழுதாள், பிறகு அழவும் தெம்பில்லாமல் அடங்கினாள். ஒரு பருக்கைகூடத் தரவில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். “சார், டாக்டர்கிட்ட காட்டுங்க. சாமி சாமின்னு கிடக்கற நாங்களே அங்கதான் ஓடுறோம்.”

“உங்களை மாதிரி புத்தகத்தைக் கட்டிக்கிட்டு அழற அடிப்படைவாதி இல்லம்மா நான். அறிவியல் வாத்தியார். எதையும் கேள்வி கேக்கறவன்.”

“கேளுங்க, கேளுங்க. பதில் சொல்லப் பிள்ளைக்கு மூச்சு இருக்கான்னு பாத்துட்டுக் கேளுங்க.” ஜன்னல் அறைந்து சாத்தப்பட்டது.

வாத்தியார் மனைவி பக்கம் திரும்பினார். “நெஜமாவே ஒண்ணும் குடுக்கலையா?”

“உங்க புத்தகத்து மேல சத்தியம்.”

சற்று யோசித்தார். முகம் தெளிந்தது. “அப்ப உன் மனசுல சந்தேகம் இருந்திருக்கு. கூட இருக்கறவங்க சந்தேகம் நோயாளியைத் தாக்கும்.”

அவள் அவரையே பார்த்தாள். ஊட்டினால் பிஸ்கட், ஊட்டாவிட்டால் சந்தேகம். சந்தேகமும் இல்லையென்றால் தையல்காரியின் கண். அந்தப் புத்தகம் ஒருநாளும் குற்றவாளிக் கூண்டில் ஏறப்போவதில்லை.

அப்படியென்றால் பெரியவளைக் கொன்றது தான் ஊட்டிய பிஸ்கட் இல்லை. ஆறுதல் வரவில்லை. முழு பிஸ்கட்டாகக் கொடுத்திருக்கலாமே என்றுதான் வந்தது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“படியத் தாண்டினே, அப்புறம் என் முறையைக் குத்தம் சொல்லக் கூடாது!”

தாண்டினாள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வாத்தியார் வார்டு வாசலில் வந்து நின்றார். “பாத்தியா? ஆறு நாள் பட்டினி உடம்பைச் சுத்தம் பண்ணிடுச்சு. அதான் மருந்து சட்டுனு பிடிச்சுது.”

சின்னவள் வாயில் கஞ்சி இருந்தது. மனைவி அடுத்த கரண்டியை ஊதி ஆற்றினாள்.

“சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க,” என்றாள். “பிள்ளை சாப்பிடுறா.”