உட்கார ஆள் உண்டு, வாங்க ஆள் இல்லை

"பெஞ்சோட திரும்பி வந்தா வாசல்லயே போட்டுப் படுத்துக்கோங்க. உள்ள இடமில்ல" என்று காலையிலேயே அவனிடம் சொல்லி அனுப்பிவிட்டாள் மனைவி.

அவள் சொன்னதில் தப்பு இல்லை. இருப்பது ஒரே அறை. சாயங்கால ரயிலில் மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். கட்டில் போடவேண்டிய சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அந்தப் பெஞ்சு அடைத்துக்கொண்டு கிடந்தது. பழைய ஸ்டேஷனை இடித்தபோது மனைவியின் தம்பி ஏலத்தில் எடுத்துவந்து, "ரெண்டு நாள் இருக்கட்டும் மாமா" என்று போட்டுவிட்டுப் போனது. அந்த ரெண்டு நாளில் மகள் வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளையும் பெற்றுவிட்டாள்.

அவன் சரக்கு ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். வாரமெல்லாம் ஊரார் மூட்டை, லீவு நாளில் மச்சான் மூட்டை. ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மச்சான் தெருவுக்குத் தெரு இறக்கச் சொன்னான்.

"நீ தூக்கறியா, இல்ல அதப் பிடிச்சுத் தொங்கிட்டு வர்றியா?"

"கனமா இருக்கு மாமா."

"வாங்கும்போது தெரியலயா?"

குளிர் விட்டதும் வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டேஷன் எதிர்த் திடலில் பழைய பொருள் சந்தை கூடும். ரயிலால் பேர் வாங்கிய ஊர். கை விளக்கு, விசில், கார்டு தொப்பி, ஓடாத கடிகாரம் என்று எதைப் பரப்பினாலும் வெளியூர்க்காரர்கள் குனிந்து பார்ப்பார்கள். திடலைச் சுற்றி மரங்கள் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தன. தட்டத் தட்ட விளக்கிலும் தொப்பியிலும் மஞ்சளாக விழுந்தது.

டீக்கடைப் பக்கம் நிழல் இருந்தது. பெஞ்சை அங்கே இறக்கினார்கள். அவன் நெற்றியைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு பெரியவர் அதில் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ரயில் கார்டு.

"விக்கிறதுக்கு வச்சிருக்கேன் பெரியவரே."

"வித்தா எந்திரிச்சுக்கறேன்."

அவர் பக்கத்தில் அவருடைய சிநேகிதர். அந்தப் பக்கம் பூட்டு வாங்க வந்த புருஷன் பெண்டாட்டி. கொஞ்ச நேரத்தில் பெஞ்சே கண்ணுக்குத் தெரியவில்லை. டீக்காரர் கண்ணாடித் தம்ளர்களை நேராக அங்கேயே கொண்டுவந்து நீட்டினார்.

"நீங்களே வாங்கிக்கலாமே" என்றான் அவன்.

"எனக்கு எதுக்குப்பா? நம்ம கடையில எல்லாரும் நின்னுட்டே குடிச்சுப் பழகினவங்க" என்றார் டீக்காரர், உட்கார்ந்திருந்த ஏழாவது ஆளிடம் தம்ளரைக் கொடுத்தபடி.

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில்தான் ஒரு அம்மா விலை கேட்டார். லாட்ஜ் நடத்துகிறவர். ரயில் சாமானாகத் தேடி வாங்கி வரவேற்பறையில் வைக்கிறாராம். அவன் கெஞ்சிக் கூத்தாடி எல்லாரையும் எழுப்பினான். அவர் பலகையைத் தட்டினார், குனிந்து காலைப் பார்த்தார், முதுகுப்பலகையைத் தடவினார்.

"இதுல ரயில்வே முத்திரை இருக்கணுமே. எங்க?"

நேற்று வரைக்கும் இருந்தது. சூடு போட்டுப் பொறித்த மாதிரி, கறுப்பாக, பெரிய பெரிய எழுத்தாக இருந்தது. முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்ற பிறகு அவன் வீட்டுக்குள்ளேயே முதன்முதலாகக் கூட்டிப் படித்த வார்த்தையும் அதுதான்: 'ரயில்வே சொத்து'. சந்தையில் யாராவது படித்துவிட்டு, ஸ்டேஷனில் திருடியது என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் நேற்று முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷும் அடித்துவிட்டான்.

"இருந்துச்சும்மா. சுத்தம் பண்ணிட்டோம்" என்றான் மச்சான், பெருமையாக.

"அது இல்லாட்டி இது வெறும் பலகைதானே" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா விளக்குக் கடைக்குப் போய்விட்டார். அவர் நகர்ந்த அடுத்த நிமிஷம் ஏழு பேரும் பழைய இடத்தில் பழைய வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏலச் சீட்டு என்கிட்ட பத்திரமா இருக்கே மாமா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"இத்தன வருஷத்துல அத நீ ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்க கேக்கலையே."

பெஞ்சில் உட்காரலாம் என்றால் இடமில்லை. அவன் தரையிலேயே உட்கார்ந்தான்.

வெயில் தாழ்ந்தது. கடைகளை மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். தூரத்தில் ரயில் ஊதியது. அவன் எழுந்து பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தான்.

"எந்திரிங்க. எடுத்துட்டுப் போறோம்."

கார்டு நிமிர்ந்து பார்த்தார். "எங்க பெஞ்ச எங்கப்பா எடுத்துட்டுப் போற?"

"உங்க பெஞ்சா?"

"காலையிலேர்ந்து உக்காந்திருக்கோம்ல."

டீக்காரர் அடுப்பை விட்டு ஓடிவந்தார். காலையிலிருந்து அவர் இரண்டு முறை பால் வாங்கி வந்திருந்தார். "அட, இங்கயே கெடக்கட்டும்பா. எதுக்கு வீணா தூக்கிட்டு அலையற? காசுதான் இப்போ கையில..."

ரயில் மறுபடியும் ஊதியது. அவன் பெஞ்சைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான்.

"காசு வேணாம். திருப்பி மட்டும் குடுத்துடாதீங்க. அது போதும்."

கை வீசிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடினான். வீட்டில் சுவர் காலி. கட்டில் போடலாம், வாசலில் படுக்க வேண்டாம். ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது.

மகள் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். பையை மச்சான் வாங்கிக்கொண்டான். திடல் வரைக்கும் வந்தவள் நின்றுவிட்டாள்.

"இடுப்பு விட்டுப்போச்சுப்பா. கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்."

உட்கார அங்கே வேறு என்ன இருந்தது? கார்டு குழந்தையைப் பார்த்ததும் முனகிக்கொண்டே ஒருவர் உட்காருகிற அளவுக்கு நகர்ந்தார். மகள் உட்கார்ந்து, வார்னிஷ் பளபளத்த பலகையைக் கையால் தடவினாள்.

"இது நம்ம வீட்டுப் பெஞ்சு மாதிரியே இருக்குல்ல?"

அவன் பதில் சொல்வதற்குள் டீக்காரர் தோளில் துண்டோடு வந்து நின்றார். "டீ சொல்லியாச்சா? தப்பா நெனைக்காத. இனிமே டீ வாங்கறவங்களுக்குத்தான் பெஞ்சு. ஊருக்கு ஒரு சட்டம் உனக்கு ஒரு சட்டம்னு இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவன் சட்டைப்பையைத் தடவினான்.

"ரெண்டு" என்றான்.

"மாமா, எனக்கும்" என்றான் மச்சான்.

மூன்று டீ வந்தது. பெஞ்சில் இடம் இல்லாததால் அவன் நின்றுகொண்டே குடித்தான்.