ஒத்தக் கம்மல்

“ஃப்ரேமைக் கழற்றாதே” என்று ராஜமாணிக்கம் சொல்லிவிட்டுத்தான் போனான். கண்ணாடியோடு ஸ்கேன் செய்தால் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. கழற்றினேன், வந்தது வம்பு.

தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆடிக் கிருத்திகைக்குள் திருத்தணியின் பழைய போட்டோக்களைச் சேர்த்துக் கண்காட்சி வைப்பதாக நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ராஜமாணிக்கம் பூஜை அறையில் இருந்த தாத்தா படத்தைக் கொண்டுவந்தான். மலையில் மொட்டை போட்டு, மீசையும் எடுத்து, தலையில் சந்தனம் பூசி, கோட்டு மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவில் நிற்கிற படம். இதைத்தான் முதலில் மாட்ட வேண்டும் என்று அதிகாரம் வேறு.

உள்ளே இருந்த அட்டையை எடுத்ததும், ஓரத்தில் மறைந்திருந்த ஒரு சிறுமி தெரிந்தாள். அவளுக்கும் மொட்டை. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். ஒரு காதில் கம்மல், மறு காது மூளி.

இந்தப் பக்கத்தில் ஒற்றைக் கம்மலோடு இருப்பவள் மணியம்மை ஒருத்திதான். ராஜமாணிக்கத்தின் நிலத்தில் நாற்று நடுகிறவள். அப்பா படம் ஏதாவது இருக்கிறதா என்று போன வாரம் கேட்டதற்கு, “எங்க நைனா மூஞ்சியே மறந்துபோச்சு சுதா, படத்துக்கு எங்க போறது?” என்றிருந்தாள். போன் போட்டு வரச் சொன்னேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ராஜமாணிக்கம் உள்ளே வந்தான்.

“ஒத்தக் கம்மலுக்கு இங்க இன்னா வேல?”

“அது நான்தான் தம்பி, பக்கத்துல எங்க நைனா” என்று அவள் திரையைத் தொட்டாள். “ஒரு காது குத்துனதும் அலறிக்கினு ஓடிட்டேன். இன்னொண்ண அடுத்த கிருத்திகைக்குக் குத்திக்கலாம்னாரு நைனா. அதுக்குள்ள அவரே செத்துப் பூட்டாரு. உங்க தாத்தாகூட அன்னிக்கி மொட்ட போட்டாரு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஸ்டுடியோவுக்கும் போனாங்க. படத்த அங்க மாத்திக் குடுத்திருப்பாங்க.”

“உங்க நைனாவுக்கு ஏது கோட்டு?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண்காட்சிக்காகச் சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் காட்டினேன். “அது ஸ்டுடியோ கோட்டுடா. பாதி ஊரு இதையே போட்டுக்கினு நிக்குது. மூணாவது பட்டன் எதுலயும் இல்ல, பாரு.”

அவன் பார்க்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மவுஸைப் பிடுங்கினான். “அழிச்சிடு. வெளிய தெரிஞ்சா எங்க மானம் போயிடும்.”

நான் மவுஸை விடவில்லை. அழித்தால் அவளுக்கு அப்பா முகம் மறுபடியும் இல்லாமல் போகும்.

மணியம்மை குரலை உயர்த்தவில்லை. “இத்தன வருசமா எங்க நைனாவுக்கு நீங்க பூ வச்சிக்கினு இருந்திருக்கீங்க. நான் ஒரு நாளுகூட வச்சதில்ல. ஒரே ஒரு காப்பி குடுங்க தம்பி. யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

மவுஸிலிருந்து அவன் கை தளர்ந்தது. முதல்முறையாக அந்த முகத்தை உற்றுப் பார்த்தான்.

“பாட்டி எப்பவும் சொல்லும்” என்றான் மெதுவாக. “மொட்டையில ஆளே மாறிட்டாருன்னு. வேற யாரோ மாதிரி இருக்குதுன்னு. நாங்க சிரிப்போம்.”

பிரிண்டரை ஓட விட்டேன். யாரும் தடுக்கவில்லை. மணியம்மை சூடு ஆறாத காகிதத்தை முந்தானையில் ஏந்தி வாங்கிக்கொண்டாள்.

“அப்ப எங்க தாத்தா படம்?” என்றான் ராஜமாணிக்கம். “வீட்டுல வேற படமே இல்ல. அவுரு எப்படி இருப்பாரு?”

அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மணியம்மை என் ஸ்டூலை இழுத்து அவன் பக்கம் போட்டாள்.

“எனக்கு உங்க தாத்தாவோட மீச மட்டுந்தான் ஞாபகம் இருக்குது” என்றாள். “உக்காரு தம்பி.”