ஒயிட்டிங் அவசியம்

"ஞாயிறு வாரோம். ஒயிட்டிங் அவசியம். மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்."

என்னைப் பெண் பார்க்க வருமுன், மாப்பிள்ளை யாசினின் வாப்பா அப்துல் ஹாதி கீழக்கரையிலிருந்து அத்தாவின் போனுக்கு அனுப்பிய செய்தி இது. இதைப் படித்த நிமிடத்திலிருந்து திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீடு வீடாக இல்லை.

அத்தா பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஒயிட்டிங் என்றால் கடையில் மூட்டையாகக் கிடக்கும் வெள்ளைப் பொடி. எண்ணெய் விட்டுப் பட்டியாகப் பிசைந்து சுவரில் விரிசலை அடைப்பார்கள்.

"வீட்டுக்கு வெள்ளையடிச்சு வைங்கன்னு நாசூக்காச் சொல்றாக, குர்ஷித்."

"செவத்தப் பாக்கவா அம்புட்டுத் தூரத்துலருந்து கார் வச்சு வாராக?" அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நம்ம ஃபர்ஹீனோட கலரச் சொல்றாக. உங்களுக்குக் கொஞ்சமாச்சும் கூறு இருக்கா?"

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் அம்மாவுக்குப் பொன் போதாது, வெள்ளைக் குஞ்சுதான் வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய போட்டோவிலேயே என்னை வெளுத்துத்தான் அனுப்பியிருந்தார்.

அதன் பிறகு யாசின் என்னிடம் போனில் பேசினார். நான் சொன்ன மொக்கை ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அதனால்தான் அந்தச் செய்தி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவருக்குப் பிடித்தது என்னையா, அந்தப் போட்டோவையா? கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது.

வீட்டில் இரண்டு வேலையும் ஒன்றாக நடந்தன. அத்தா ஆள் வைத்துச் சுவருக்குப் பட்டி பார்த்தார். அம்மா ஆள் வைக்காமலே எனக்குப் பார்த்தார். கிரீம், அதற்கு மேல் இன்னொரு கிரீம், கடைசியில் பவுடர். ஞாயிறன்று கண்ணாடியில் பார்த்தால், சீ, ஆவி மாதிரி ஒருத்தி நின்றாள். அப்போதே முடிவு செய்தேன். கலர் என்று ஒரு வார்த்தை வந்தால், யாசினாவது கீசினாவது, வேண்டாம் என்று சபையிலேயே சொல்லிவிடுவேன்.

வந்தார்கள். பிரியாணி வாசனையில் தெருவே மணத்தது. ஹாதி மாமா விரிப்பில் உட்கார்ந்து தட்டுகளை ஒரு சுற்று பார்த்தார்.

"எல்லாம் சரி சம்பந்தி. ஒயிட்டிங் எங்க?"

அத்தா பெருமையாகச் சுவரைக் காட்டினார். அம்மா அதே பெருமையோடு கதவோரம் நின்ற என்னைக் காட்டினார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இம்புட்டு வெள்ளைதான் வரும் மாமா. பத்தலேன்னா வேற வீடு பாத்துக்கங்க!"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். மாமா திருதிருவென்று விழித்தார்.

"நான் மீனக் கேட்டேன்மா. கிழங்கான்! எங்க எக்ஸ்போர்ட் பெட்டியில ஒயிட்டிங்ன்னுதான் போடுவோம், அதே பழக்கத்துல வந்துருச்சு. வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு. கறி, காரம் ஆகாது. அதான் அந்த மீன் மட்டும் போதும்னேன்."

வீட்டில் மூன்று பேர் அந்தச் செய்தியைப் படித்தோம். மாமா மீன் வியாபாரி என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒருவருக்கும் மீன் தோன்றவில்லை. அவர்கள் கேட்காத நிறத்தைக் கேட்டதாக நினைத்தது நாங்கள்தான். நானும்தான்.

யாசினுக்குத் தோள் குலுங்கியது. போனில் கேட்ட அதே சிரிப்பு. பாவம் மாமா, திண்டுக்கல்லுக்கு வந்து தயிர்ச்சோறு சாப்பிட்டார்.

யாசினின் உம்மா ரஃபியா மாமி மட்டும் சிரிக்கவில்லை. என் தாடையைத் தொட்டார். விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தார்.

"போ கண்ணு, மூஞ்சியக் கழுவிட்டு வா. நாங்க இன்னும் பொண்ணப் பாக்கல."